உங்கள் வீட்டு வைபையில் யார் யார் இருக்கிறார்கள்?

மாதம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போதே வீட்டு இணைய டேட்டா முடிந்துவிடுகிறது. உம்மா மகனைச் சொல்வார். மகன் தங்கச்சி பார்க்கும் கார்ட்டூனைச் சொல்வான். வாப்பா கம்பனிக்காரர்களைத் திட்டுவார். பல வீடுகளில் மாதாமாதம் நடக்கும் வழக்கு இது. ஆனால், "இந்த வைபையில் மொத்தம் எத்தனை சாதனங்கள் இணைந்திருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் ஒருவராலும் பதில் சொல்ல முடியாது.

2020 மார்ச் மாதம் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் ஸூமுக்கும் மாறியபோதுதான் எமது வீடுகள் பலவற்றுக்கு ரவுட்டர் வந்து சேர்ந்தது. அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்தோம். மாமியின் மகனுக்கும் கொடுத்தோம். அது நல்ல காரியம்தான். ஆனால் அதன் பிறகு அந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை. இப்போதைய போன்களில் பாஸ்வேர்டைச் சொல்லவும் தேவையில்லை. ஏற்கனவே இணைந்திருக்கும் போனில் கியூஆர் குறியீட்டைத் திறந்து காட்டினால் போதும், அடுத்த போனும் இணைந்துவிடும். நாம் ஒருவருக்குக் கொடுத்தது எத்தனை பேரின் கைகளுக்குப் போனது என்பது எமக்கே தெரியாது.

ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்?

முதலாவது காரணம் பணம். எமது நாட்டில் வீட்டு இணையப் பொதிகளில் அநேகமானவை மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளவிடப்பட்டவை. தெளிவான தரத்தில் ஒரு வீடியோவை ஒரு மணித்தியாலம் பார்த்தால் 1 முதல் 3 ஜிபி வரை போகும். யாருடையது என்றே தெரியாத ஒரேயொரு போன் தினமும் இரண்டு மணித்தியாலம் வீடியோ பார்த்தால், மாதக் கணக்கு என்னவாகும் என்பதை நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் பொறுப்பு. உங்கள் வீட்டுக்குள் பத்து சாதனங்கள் இருந்தாலும் வெளியுலகுக்கு அவை அனைத்தும் ஒரே இணைப்பாகவே தெரியும். அந்த இணைப்பு பதிவாகியிருப்பது உங்கள் பெயரிலும் தேசிய அடையாள அட்டை இலக்கத்திலும்தான். அந்த இணைப்பிலிருந்து யாராவது ஒரு மோசடி செய்தாலோ, தகாத பதிவொன்றை இட்டாலோ, விசாரிக்க வருபவர்கள் முதலில் கேட்பது இணைப்பின் சொந்தக்காரரிடம்தான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ள நாடு இது. முகநூல் பதிவொன்றுக்காக மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருந்தவர்களை எமது சமூகம் கண்டிருக்கிறது. "அது நான் அல்ல" என்று சொல்வது இலகு. "அப்படியானால் யார்?" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது காரணம் வீட்டின் மறைவு. இன்று இணைந்திருப்பவை போன்கள் மாத்திரமல்ல. வாசலில் கமரா, சாலையில் ஸ்மார்ட் டீவி, அதன் பக்கத்தில் டீவி பொக்ஸ், கூரையில் சோலார் இருந்தால் அதன் இன்வேர்ட்டர் என்று பட்டியல் நீளும். இவற்றில் சில, வாங்கிய நாளில் தொழிற்சாலை இட்ட பாஸ்வேர்டுடனேயே இன்றும் இருக்கின்றன. 2016இல் மிராய் என்ற தீய மென்பொருள் பரவியது இந்த ஓட்டை வழியாகத்தான். அது பெரிய தந்திரம் எதையும் செய்யவில்லை. தொழிற்சாலைகள் வழமையாக இடும் 60க்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்ட் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அப்படித் திறந்துகொண்ட கமராக்கள், வீடியோ ரெக்கோர்டர்கள், ரவுட்டர்கள் ஆகியவற்றை ஒரு படையாகச் சேர்த்தது. அந்தப் படையைக் கொண்டு 2016 ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவின் டின் நிறுவனத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணித்தியாலங்கள் தடைப்பட்டன. அந்தக் கமராக்களின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோருக்குத் தமது வீட்டுக் கமரா என்ன செய்துகொண்டிருந்தது என்பதே தெரியாது.

முதலில் கொப்பி, பிறகு ரவுட்டர்

எந்தச் செயலியையும் இறக்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில், வைபை பாவிக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். யாருடையது, என்ன வகை, எந்தக் கம்பனி என்ற மூன்றும் போதும்.

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். வாப்பா, உம்மா, மூத்த மகன், மகள் ஆகியோரின் போன்கள் நான்கு. மகனின் லெப்டொப், பாடத்துக்கு வாங்கிய டெப், ஸ்மார்ட் டீவி, பிரின்டர், வாசல் கமரா. கொப்பியில் ஒன்பது. இப்போது ரவுட்டரிடம் கேட்க வேண்டும்.

ரவுட்டரின் அடியிலோ பின்னாலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு முகவரியும், யூசர்நேமும், பாஸ்வேர்டும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 அல்லது 192.168.8.1 என்பதாக இருக்கும். ஸ்டிக்கர் அழிந்து போயிருந்தால், போனின் வைபை விபரப் பக்கத்தில் 'கேட்வே' அல்லது 'ரவுட்டர்' என்ற சொல்லுக்கு நேரே அந்த இலக்கம் கிடைக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போனால், 'கனெக்டட் டிவைசஸ்' அல்லது 'டிஎச்சிபி கிளையன்ட் லிஸ்ட்' என்ற பெயரில் ஒரு பட்டியல் இருக்கும்.

இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றல்ல. 'கனெக்டட் டிவைசஸ்' என்பது அந்த நேரத்தில் இணைந்திருப்பவை. டிஎச்சிபி பட்டியல் என்பது ரவுட்டர் தவணை முறையில் இலக்கம் கொடுத்த சாதனங்களின் பதிவேடு. தவணை முடியும்வரை, வீட்டைவிட்டுப் போன போனின் பெயரும் அதில் நிற்கும். மறுபுறம், சில கமராக்களுக்கும் ரெக்கோர்டர்களுக்கும் பொருத்துபவரே நிலையான இலக்கம் கொடுத்திருப்பார். அவை ரவுட்டரிடம் இலக்கம் கேட்பதில்லை. ஆகவே டிஎச்சிபி பட்டியலில் வராமல் போகலாம். எனவே இரண்டையும் பார்த்து ஒன்றுசேர்க்க வேண்டும்.

விடுபட்டவற்றைத் தேடுதல்

ரவுட்டருக்குள் நுழைய முடியாதவர்கள் ஃபிங் போன்ற இலவசச் செயலியைப் போனில் போட்டுத் தேடலாம். அது உங்கள் வலையமைப்பில் உள்ள ஒவ்வோர் இலக்கத்தையும் கூப்பிட்டு, பதில் தருபவற்றை எழுதித் தரும்.

ஆனால் கூப்பிட்டால் எல்லாமே பதில் தருவதில்லை. 'பிங்' என்ற சாதாரண அழைப்புக்கு, விண்டோஸ் கணினிகள் பல தமது பாதுகாப்புச் சுவர் காரணமாக மௌனமாக இருக்கும். அதற்கு இன்னொரு வழி இருக்கிறது. ஒரே வலையமைப்பில் உள்ள இரண்டு சாதனங்கள் பேச வேண்டுமானால், "இந்த இலக்கம் யாருடையது?" என்று முதலில் கேட்டாக வேண்டும். 1982இல் வகுக்கப்பட்ட ஏஆர்பி என்ற முறை அது. பிங்குக்குப் பதில் தராத கணினியும் இந்தக் கேள்விக்குப் பதில் தரும். இல்லாவிட்டால் அதனால் வேலை செய்ய முடியாது. விண்டோஸ் கணினியில் கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ஏ, ஆர், பி என்ற மூன்று எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு ஒரு சிறு கோட்டையும் மீண்டும் ஏ எழுத்தையும் ஒட்டி அடித்தால், அந்தக் கணினி அண்மையில் அறிந்துகொண்ட சாதனங்கள் வரும். செயலியால் தேடிய பின் அல்ல, அதே கணினியிலிருந்து ஒவ்வோர் இலக்கத்துக்கும் பிங் அனுப்பிய பின் இதைப் பார்த்தால் பட்டியல் நிறைவாக இருக்கும். இதில் 255 என முடியும் வரியையும், 224 அல்லது 239 எனத் தொடங்கும் வரிகளையும் கண்டு பயப்பட வேண்டாம். அவை சாதனங்கள் அல்ல, பொது அறிவிப்புக்கான இலக்கங்கள்.

நேரமும் முக்கியம். உறங்கும் நிலையில் உள்ள போனும் நிறுத்திவைத்த டீவியும் தேடலில் அகப்படாது. காலையில் ஒரு தடவை, மஃரிபுக்குப் பின் ஒரு தடவை, இரவு பதினொரு மணிக்கு ஒரு தடவை என மூன்று நேரங்களில் பாருங்கள். வெளியார் யாராவது பாவித்தால் அது பெரும்பாலும் இரவில்தான் தெரியவரும்.

இன்னும் இரண்டு இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று, விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைபை. உங்கள் போன் பிரதான வைபையில் இருந்தால், கெஸ்ட் வைபையில் உள்ளவை பொதுவாக அதன் தேடலுக்குத் தெரியாது. மற்றது, மாடிக்காக வாங்கிய இரண்டாவது ரவுட்டர். அது தனியாக இலக்கம் கொடுக்கும் வகையில் பொருத்தப்பட்டிருந்தால், அதற்குப் பின்னால் உள்ள ஐந்து சாதனங்களும் முதலாவது ரவுட்டருக்கு ஒன்றாகவே தெரியும். அந்த இரண்டாவது ரவுட்டருக்குள்ளும் போய்ப் பார்க்க வேண்டும்.

பெயர் தெரியாததெல்லாம் திருடன் அல்ல

எமது உதாரண வீட்டில் கொப்பி ஒன்பது என்றது. ரவுட்டர் பதினான்கு என்கிறது. மிகுதி ஐந்தும் யார்?

இந்த இடத்தில்தான் அவசரம் வரும். "பக்கத்து வீட்டுப் பொடியன்தான்" என்று சொல்லிவிட மனம் துடிக்கும். சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் அதிகமான சந்தேகங்களைத் தவிர்ந்துகொள்ளும்படி எமக்குக் கட்டளையிடுகிறது. கணினி அறிவும் இதில் அதே புத்திமதியைத்தான் சொல்கிறது. அறியாத பெயர்களில் அநேகமானவை எமது பொருட்களாகவே இருக்கும்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் மெக் முகவரி என்று 12 எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் அடையாளம் உண்டு. அதன் முதல் ஆறும் தயாரித்த கம்பனியைக் குறிக்கும். ஆனால் அது பொருளை விற்ற கம்பனியாக இருக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் வைபை சில்லைச் செய்த கம்பனியாகவும் இருக்கலாம். 'எஸ்பிரெசிஃப்' என்ற பெயரைக் கண்டு பலர் பதறுவார்கள். அது சீனாவின் ஷாங்காயில் உள்ள சில்லுக் கம்பனி. ஸ்மார்ட் மின்குமிழ், ஸ்மார்ட் பிளக் போன்ற எத்தனையோ பொருட்களுக்குள் அதன் சில்லு இருக்கிறது.

போன்கள் இன்னொரு குழப்பத்தைத் தரும். 2019இல் வந்த அண்ட்ரொய்ட் 10இலிருந்தும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலிருந்தும், போன்கள் தமது உண்மையான மெக் முகவரியை மறைத்து ஒரு தற்காலிக முகவரியைக் காட்டுகின்றன. ஆளைப் பின்தொடராமல் இருக்க எடுக்கப்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதனால் கம்பனிப் பெயர் 'அன்னோன்' என்று வரும். அமைப்பை மாற்றினாலோ, வைபையை 'ஃபர்கெட்' செய்து மீண்டும் இணைத்தாலோ ஒரே போன் இரண்டு பெயராகத் தெரியவும் கூடும். இதை அறிய ஒரு குறிப்பு உண்டு. மெக் முகவரியின் இரண்டாவது இடத்தில் 2, 6 அல்லது ஆங்கில ஏ, ஈ எழுத்துகளில் ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இத்தகைய தற்காலிக முகவரிதான். அந்த நேரத்தில் ஒவ்வொரு போனிலும் வைபை விபரப் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும்.

இப்படிப் பார்த்துக்கொண்டு போனால் எமது உதாரண வீட்டில் ஒன்று வயர் மூலம் இணைந்த கமரா ரெக்கோர்டர். ஒன்று சோலார் இன்வேர்ட்டர். ஒன்று மகளின் போனின் பழைய முகவரி. ஒன்று, லாச்சிக்குள் கிடப்பதாக எல்லோரும் நினைத்த வாப்பாவின் பழைய போன். அதை எடுத்து இரவில் கேம் விளையாடுபவர் கடைக்குட்டி. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்.

மிஞ்சியதற்கு ஒரே வழி

அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க ஊரெல்லாம் விசாரிக்கத் தேவையில்லை. வைபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களும் வெளியே போய்விடும். பிறகு கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நீங்களே உள்ளே எடுங்கள். வயர் மூலம் இணைந்தவை மாத்திரம் வெளியே போகாது. அவற்றை ரவுட்டரின் பின்னால் உள்ள வயர்களைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம். இப்படிச் செய்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. உள்ளே இருப்பவை அனைத்தும் நீங்கள் பெயர் எழுதியவை. இரண்டு நாளில் யாராவது வந்து, "ஏன் வைபை வேலை செய்யுதில்ல?" என்று கேட்டால், மிஞ்சிய அந்த ஒன்றும் யாரென்று தெரிந்துவிடும். 2020இல் உம்மாவே பாஸ்வேர்ட் கொடுத்த பிள்ளையாக அது இருக்கவும் கூடும். தொடர்ந்து கொடுக்க விரும்பினால் கெஸ்ட் வைபையில் தாராளமாகக் கொடுங்கள். அறிந்து கொடுப்பதுதான் ஸதகா.

புதிய பாஸ்வேர்டாக உங்கள் போன் இலக்கத்தைப் போடாதீர்கள். 07இல் தொடங்கும் பத்து இலக்கம் என்று தெரிந்தால், மீதமுள்ளது எட்டு இலக்கங்கள்தான். அதாவது பத்துக் கோடிச் சேர்க்கைகள். வைபை இணையும்போது பரிமாறப்படும் தகவலைப் பிடித்துவைத்தவருக்கு, நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள ஒரு கணினி அதை ஒரு மணித்தியாலத்துக்குள் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதுவது மனனம் செய்யவும் இலகு, உடைக்கவும் கடினம்.

அதே கையோடு ரவுட்டரின் உள்நுழைவு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ் என்ற வசதி இருந்தால் நிறுத்துங்கள். அதன் எட்டு இலக்க பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளிவந்த விடயம்.

பட்டியல் சொல்லாதவை

இந்தப் பட்டியலுக்கும் எல்லை உண்டு. புளூடூத்தால் இணைபவையும், தமது சொந்த சிம் டேட்டாவில் இயங்குபவையும் இதில் வரமாட்டா. வீட்டு வைபையைப் பூட்டிவிட்டோம் என்று நிம்மதியடையும் பெற்றோர், பிள்ளையின் போனில் உள்ள டேட்டா கார்டை மறந்துவிடக் கூடாது.

அதைவிட முக்கியமானது கமரா. உங்கள் கமராவை ஒருவர் வெளியூரிலிருந்து இணையம் வழியாகப் பார்த்தால், அவர் உங்கள் வைபையில் இல்லை. பட்டியலில் அவர் பெயர் வராது. கமராவைப் பொருத்தியவர், வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காகத் தன் போனில் அதைத் திறந்திருக்கலாம். பிறகு அதை நீக்காமலேயே போயிருக்கவும் கூடும். எனவே கமராவின் செயலிக்குள் போய், யார் யாருடன் அது பகிரப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். எமது பெண்கள் நடமாடும் இடத்தை நோக்கும் கமராவுக்கு இது கட்டாயம்.

எண்ணுவது வேறு, உளவு பார்ப்பது வேறு

இதை எழுதும்போது ஓர் அச்சமும் இருக்கிறது. இந்த அறிவைக் கொண்டு மனைவியின் போனையோ பிள்ளையின் போனையோ துருவித் துருவிப் பார்க்கத் தொடங்கிவிடக் கூடாது. நான் மேலே சொன்ன ஹுஜுராத் வசனமே, துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. ரவுட்டர் பட்டியல் சொல்வது எந்தச் சாதனம் இருக்கிறது என்பதை. அதில் யார் என்ன பேசினார் என்பது இந்த வேலைக்குத் தேவையில்லை. கடைக்குட்டி இரவில் கேம் விளையாடுவது தெரிந்துவிட்டால், அதைப் பேசித் தீர்க்க வேண்டும். பல ரவுட்டர்களில் குறித்த சாதனத்துக்கு மாத்திரம் இரவு நேரத்தில் இணையத்தை நிறுத்தும் வசதி இருக்கிறது. பிள்ளைக்கும் தெரியும்படி அதைச் செய்வதுதான் நேர்மை.

பிறர் வீட்டு வைபையைக் கேட்காமல் பாவிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். சூரத்துந் நூரின் 27ஆவது வசனம் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் பிறர் வீட்டுக்குள் நுழையச் சொல்கிறது. பாஸ்வேர்ட் எப்படியோ கிடைத்துவிட்டது என்பது அனுமதி ஆகாது. அது அவர் காசு கொடுத்து வாங்கிய ஹக்.

எமது பள்ளிவாசல்களையும் மத்ரஸாக்களையும் நிர்வகிப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே கமராக்கள், பயான் நேரடி ஒளிபரப்புக்கான கருவிகள், அலுவலகக் கணினி எல்லாம் ஒரே வைபையில் இருக்கின்றன. அதன் பாஸ்வேர்டோ மஹல்லாவின் பாதி இளைஞர்களுக்குத் தெரியும். ஜமாஅத்தாரின் சந்தாவிலும் ஸதகாவிலும் செலுத்தப்படும் பில் அது. அலுவலகத்துக்கு ஒரு வைபை, வருபவர்களுக்கு ஒரு கெஸ்ட் வைபை என்று பிரித்து, பட்டியலை நிர்வாகக் கூட்டத்தில் வைப்பது அமானிதத்தின் ஒரு பகுதி.

முழு வேலையும் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடும். எதிர்வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். கொப்பியை அவர்களிடமே கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திருத்துவது அவர்களின் பொறுப்பாக இருக்கட்டும். எமக்கு விளங்காத மெனுக்கள் அவர்களுக்கு இலகுவாக விளங்கும். யாரை, எதற்காக உள்ளே எடுக்கிறோம் என்பதை நாம் அவர்களுக்கு விளங்கப்படுத்தலாம்.